பீலி வழிகிறதா? ஏணியை எடுப்பதற்கு முன்னால் கொஞ்சம் நில்லுங்கள்

கேள்வி: எங்களுடையது தரைத்தளம் மட்டும் உள்ள ஓட்டு வீடு. முன்பக்கம் கூரை ஓரத்தில் சுமார் 12 மீட்டர் நீளத்துக்கு பிளாஸ்டிக் பீலி பொருத்தியிருக்கிறோம். மழை வலுத்தால் நடுவில் ஓரிடத்தில் தண்ணீர் வழிந்து, அந்தச் சுவர் முழுக்கப் பாசி பிடித்துவிட்டது. போன வருடம் ஆள் வைத்து இலைகளை அள்ளினோம். இரண்டு மழைக்கு அப்புறம் அதே கதை. எனக்கு வயது 57. வீட்டில் பழைய மர ஏணி ஒன்று இருக்கிறது. நானே ஏறிச் சுத்தம் செய்யலாமா? மேலே வலை போட்டுவிட்டால் இந்தத் தொல்லையே இருக்காது என்கிறார்களே, உண்மையா?

பதில்: நீங்களே செய்யலாம். அந்த ஏணி மட்டும் வேண்டாம். வலை விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன், ஏனென்றால் உங்கள் வீட்டில் அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. இலையை அள்ளிய பிறகும் அதே இடத்தில் வழிகிறது என்றால் இலைமீது பழி போட முடியாது. பீலி அந்த இடத்தில் தொய்ந்திருக்க வேண்டும்.

கூரையிலிருந்து விழும் தண்ணீரை வாங்கிக் குழாய்க்குக் கொண்டுபோகும் இந்த நீளத் தொட்டியைச் சிலர் பீலி என்பார்கள், சிலர் தூம்பு, சிலர் கட்டர். நீங்கள் பீலி என்று எழுதியிருப்பதால் நானும் அப்படியே சொல்கிறேன். அதிலிருந்து தரைக்கு இறங்கும் குழாயை இறக்குக்குழாய் என்று வைத்துக்கொள்வோம். வழிகிற வீடுகளில் பாதிக்கு மேல் நான் கையை விட்டுப் பார்ப்பது பீலியைவிட இந்தக் குழாயின் வாயைத்தான்.

ஏணியைத் தொடுவதற்கு முன்னால் ஒரு வேலை. அடுத்த மழையில், இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, குடை பிடித்துக்கொண்டு வீட்டைச் சுற்றி ஒரு நடை நடந்து வாருங்கள். பீலி எங்கே வழிகிறது என்பதிலேயே நோய் என்ன என்று பாதி தெரிந்துவிடும். குழாய் இருக்கும் மூலையில் பொங்கி வழிந்தால் குழாயின் வாயிலோ வளைவிலோ அடைப்பு. நடுவில் ஓரிடத்தில் மட்டும் வழிந்தால் அங்கே தொய்வு, அல்லது பீலியைத் தாங்கிப் பிடிக்கும் கிளாம்ப் ஒன்று உடைந்திருக்கிறது. முன்பக்கம் சொட்டாமல் பீலிக்கும் அது பொருத்தியிருக்கும் கூரையோரப் பலகைக்கும் நடுவே பின்பக்கமாக ஒழுகினால், ஓட்டின் விளிம்பு பீலிக்குள் போதுமான அளவு நீளவில்லை. இரண்டு துண்டு சேரும் இடத்துக்கு நேர் கீழே சொட்டு விழுந்தால் உள்ளே இருக்கும் ரப்பர் போய்விட்டது. இந்த நான்கில் முதலாவதுக்கு மட்டும்தான் சுத்தம் செய்வது முழு மருந்து. மற்ற மூன்றுக்கும் எத்தனை முறை அள்ளினாலும் அடுத்த மழையில் அதேதான்.

மழை விட்டு ஒரு மணி நேரம் கழித்து இன்னொரு முறை பாருங்கள். நீளக் கழி ஒன்றின் நுனியில் கைபேசியை நன்றாகக் கட்டி, வீடியோவை ஓடவிட்டு, பீலிக்கு மேலே பிடித்தபடி மெதுவாக நடங்கள். தலைக்கு மேலே மின்கம்பி போகிற பக்கத்தில் இதைச் செய்யாதீர்கள். தண்ணீர் தேங்கி நிற்கும் இடம் வீடியோவில் பளிச்சென்று தெரியும். உங்கள் வீட்டில் அந்தத் தேக்கம் பாசி பிடித்த சுவருக்கு நேர் மேலே இருக்கும் என்று நினைக்கிறேன்.

தொய்வு எப்படி வருகிறது? பாதி வட்ட வடிவில், வாய் 12 செ.மீ. அகலமுள்ள 12 மீட்டர் பீலி விளிம்புவரை நிரம்பினால் ஏறக்குறைய 68 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். அதாவது 68 கிலோ. ஊறிய இலையும் மண்ணும் சேர்ந்த சேறு தண்ணீரைவிடக் கனம். நல்ல பீலிக்கு அந்தக் கனத்தைத் தாங்க வேண்டிய தேவையே வருவதில்லை, ஏனென்றால் தண்ணீர் நிற்காமல் ஓடிவிடுகிறது. ஓடாமல் நிற்கும்போதுதான் கிளாம்ப் கொஞ்சம் கொஞ்சமாக வளைகிறது. வளைந்த இடத்தில் மண் படிகிறது, மண் படிந்ததால் இன்னும் நிற்கிறது. போன வருடம் வந்தவர் இலையை அள்ளிவிட்டுப் போயிருப்பார். பள்ளம் அப்படியே இருந்திருக்கும்.

ஏணி

இந்த வேலையில் பீலி யாரையும் காயப்படுத்துவதில்லை. ஏணிதான் காயப்படுத்துகிறது. அதிலும் உயரத்தில் ஏறுவதைவிட, பக்கவாட்டில் எட்டுவதுதான். இந்த வேலைக்கு வந்த புதிதில் நானும் ஒரு முறை விழுந்திருக்கிறேன். இரண்டு ஆள் உயரம்கூட இல்லை. முக்கால்வாசி முடித்தாயிற்று, வலது பக்கம் ஒரு கைப்பிடி இலை மிச்சம். இறங்கி, ஏணியை நகர்த்தி, மறுபடி ஏறச் சோம்பல். இடது காலை லேசாகத் தூக்கி எட்டினேன். ஏணி பக்கவாட்டில் சரிந்தது. கையை ஊன்றிய மணிக்கட்டில் கட்டுப்போட்டு ஆறு வாரம். அந்த ஒரு கைப்பிடி இலையை அப்புறம் வேறொருவர்தான் எடுத்தார்.

அதனால் என் ஒரே கண்டிப்பான விதி இது: உங்கள் தொப்புள் ஏணியின் இரண்டு கால்களுக்கு நடுவிலேயே இருக்க வேண்டும். தொப்புள் வெளியே போகிறது என்றால் நீங்கள் எட்டுகிறீர்கள் என்று அர்த்தம். இறங்குங்கள், நகர்த்துங்கள், ஏறுங்கள். ஒரு நிறுத்தத்தில் வசதியாகச் செய்ய முடிவது ஒரு மீட்டர் அளவுதான். 12 மீட்டருக்கு 12 முறை நகர்த்த வேண்டியிருக்கும். அலுப்பாகத்தான் இருக்கும். ஆறு முறை நகர்த்தியதும் கால் வலித்தால் மீதியை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள், பீலி எங்கும் ஓடிவிடாது.

பழைய மர ஏணியை ஏன் வேண்டாம் என்றேன்? வெயிலிலும் மழையிலும் கிடந்த மரத்தில் படி செருகியிருக்கும் பொருத்துவாய்தான் முதலில் இற்றுப்போகும். வெளியே பார்த்தால் தெரியாது. பெயிண்ட் அடித்திருந்தால் விரிசலும் மறைந்துவிடும். தரைத்தள வீட்டுக்கு, மேலே மேடையும் கைப்பிடியும் உள்ள ஏ வடிவ மடக்கு ஏணி போதும். ஃபைபர் கிளாஸில் கிடைத்தால் இன்னும் நல்லது, காரணம் அலுமினியம் மின்சாரம் கடத்தும். வீட்டுக்கு வரும் மின்கம்பி பீலியை ஒட்டிப் போனால், அதிலிருந்து 3 மீட்டருக்குள் ஏணியோ கழியோ கொண்டுபோகாதீர்கள். அந்தப் பகுதியை ஆளிடம் விட்டுவிடுங்கள். அவரும் மின்சாரத்தை நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் ஏற வேண்டும்.

மேடை இல்லாத மடக்கு ஏணியில் மேல் இரண்டு படிகள் நிற்பதற்கல்ல. சாய்க்கும் ஏணியாக இருந்தால் மேல் மூன்று படிகள். சாய்க்கும் ஏணிக்கு இன்னொரு கணக்கும் உண்டு. 4 அடி உயரத்துக்கு 1 அடி வீதம் அடிப்பக்கம் சுவரிலிருந்து தள்ளியிருக்க வேண்டும். 12 அடியில் சாய்ந்தால் அடி 3 அடி வெளியே. இதைவிட நிமிர்ந்தால் பின்னால் சாயும், படுத்தால் அடி வழுக்கும். அதை பிளாஸ்டிக் பீலியின் மேல் மட்டும் சாய்க்காதீர்கள். வழவழப்பான விளிம்பில் ஏணி பக்கவாட்டில் நழுவும், பீலியும் உடையும். ஏணியின் தலையில் மாட்டி, சுவரில் ஊன்றிக்கொள்கிற தாங்கி ஒன்று கிடைக்கிறது. சாய்க்கும் ஏணிதான் இருக்கிறது என்றால் அதை வாங்கி மாட்டிக்கொள்ளுங்கள்.

மண் தரையில் ஏணிக்கால் அழுந்தாமல் இருக்க அகலமான பலகை ஒன்றை அடியில் போடலாம். உயரம் போதவில்லை என்று செங்கல் அடுக்கி அதன்மேல் ஏணி வைப்பதைப் பார்த்திருக்கிறேன், தயவுசெய்து வேண்டாம். பக்கத்தில் கதவு இருந்தால் உள்பக்கம் பூட்டிவிடுங்கள், யாராவது திறந்து ஏணியைத் தள்ளிவிடுவார்கள். வீட்டில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும் ஏறுங்கள். வயது 57 என்பது தடை இல்லை. ஆனால் தலைசுற்றல் வரும் பழக்கம் இருந்தாலோ, அதற்கு மாத்திரை எடுத்துக்கொண்டாலோ, இந்த வேலை உங்களுக்கு இல்லை. அண்ணாந்து பார்த்தபடி வேலை செய்யும்போது தலைசுற்றல் சொல்லிக்கொண்டு வராது.

கூரைமேல் ஏறி உட்கார்ந்து குனிந்து அள்ளுவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. இருந்தாலும் சொல்லிவிடுகிறேன்: ஏறாதீர்கள். ஓடு உடையும், பாசி படிந்த ஓடு வழுக்கும். பின்பக்கம் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் அதன்மேல் கால் வைக்கவே கூடாது. பார்ப்பதற்கு உறுதியாக இருக்கும், மிதித்ததும் உடைந்து ஆளை உள்ளே விட்டுவிடும். அந்த ஷீட்டைக் காய்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பதும், அழுத்தத் தண்ணீர் அடித்துக் கழுவுவதும் கூடாது. அதிலிருந்து கிளம்பும் நார் நுரையீரலுக்குக் கேடு.

அள்ளுவது, கழுவுவது

நல்ல நாள் எது என்றால், மழை விட்டு இரண்டு மூன்று நாள் வெயில் அடித்த பிறகு. சொதசொதவென்று இருந்தால் கனம், ஏணியும் தரையும் ஈரம். நன்றாகக் காய்ந்துவிட்டால் தூள் பறக்கும். லேசான ஈரம்தான் பதம், அப்போது சேறு கட்டியாகக் கையோடு வரும். காய்ந்த பறவை எச்சம் தெரிந்தால் முதலில் தண்ணீர் தெளித்து நனைத்துக்கொள்ளுங்கள். காய்ந்த எச்சத்தின் தூளில் நுரையீரலைப் பாதிக்கும் பூஞ்சை இருக்கக்கூடும். அதனால் முகக்கவசம், கண்ணாடி. கைக்குத் தடித்த ரப்பர் உறை அவசியம். எலி நடமாடும் பீலியில் அதன் சிறுநீர் கலந்திருக்கும், கையில் சிறு கீறல் இருந்தால்கூட எலிக்காய்ச்சல் வர வழி உண்டு. தகரப் பீலியாக இருந்தால் விளிம்பும் திருகு முனைகளும் கத்தி மாதிரி வெட்டும். ஏறுவதற்கு முன் ஐந்து நிமிடம் கீழே நின்று கூரை ஓரத்தைக் கவனியுங்கள். ஒரே இடத்துக்குக் குளவி வந்து போய்க்கொண்டிருந்தால் அன்றைக்கு வேலை இல்லை.

கருவி பெரிதாக ஒன்றும் வேண்டாம். இரும்புக் கரண்டி பிளாஸ்டிக்கைக் கீறும். காலி பிளாஸ்டிக் கேன் ஒன்றின் அடிப்பக்கத்தைச் சாய்வாக வெட்டினால், கைப்பிடியோடு அருமையான அள்ளுகரண்டி கிடைத்துவிடும். பீலியின் வளைவுக்குத் தகுந்தபடி அதுவே வளைந்துகொடுக்கும். ஒரு சிறிய வாளியை கொக்கி போட்டு ஏணியில் மாட்டுங்கள், கையில் பிடிக்காதீர்கள். ஒரு கை எப்போதும் ஏணிக்குச் சொந்தம்.

இறக்குக்குழாய் இருக்கும் முனையில் தொடங்குங்கள். முதலில் குழாயின் வாயில் ஒரு பழைய துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், நுனி வெளியே தெரியும்படி. இல்லாவிட்டால் அள்ளும்போது சிந்துவதெல்லாம் குழாய்க்குள் போய் வேலையை இரட்டிப்பாக்கும். அங்கிருந்து அள்ளிக்கொண்டே மறுமுனைவரை போங்கள். முடித்ததும் திரும்பி வந்து துணியை எடுத்துவிட்டு, இப்போது எதிர்த்திசையில், மறுமுனையிலிருந்து தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். அள்ளுவது குழாயிலிருந்து விலகி, கழுவுவது குழாயை நோக்கி. மழைநீரைத் தொட்டியில் சேமிக்கிற வீடாக இருந்தால் கழுவுவதற்கு முன் தொட்டிக்குப் போகும் இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். பிளீச்சிங் பவுடர், ஆசிட் எதுவும் தேவையில்லை. அதெல்லாம் கடைசியில் செடியின் வேருக்குத்தான் போகும்.

கழுவும்போது கீழே ஒருவரை நிறுத்தி, குழாயின் அடியில் தண்ணீர் எப்படி வருகிறது என்று பார்க்கச் சொல்லுங்கள். மேலே விட்ட வேகத்தில் கீழே கொட்டினால் சரி. சொட்டுச் சொட்டாக வந்தால் வளைவில் அடைப்பு. மேலிருந்து கம்பியை விட்டுக் குத்தினால் அடைப்பு இன்னும் இறுகும். கீழிருந்து டியூபை உள்ளே செலுத்தி மிதமான வேகத்தில் தண்ணீர் விடுங்கள், பல நேரம் அது மேல்பக்கமாகத் தளர்ந்து கலையும். முகத்தைக் குழாய்க்கு நேரே வைக்காதீர்கள். அதற்கும் மசியாவிட்டால் வளைவுத் துண்டைக் கழற்றிவிடுவதே நேர்வழி. ஒரு முறை அப்படிக் கழற்றியபோது உள்ளே டென்னிஸ் பந்து ஒன்று, அதைச் சுற்றி மூன்று வருட இலை. குழாய்க்கு அளவெடுத்துச் செய்த மூடி மாதிரி உட்கார்ந்திருந்தது.

ஒரு கணக்கு சொன்னால் இந்தக் குழாயை ஏன் இவ்வளவு பேசுகிறேன் என்று புரியும். ஒரு சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர் தண்ணீர். உங்கள் முன்பக்கச் சரிவு 50 சதுர மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 40 மி.மீ. கொட்டினால் 2,000 லிட்டர். அத்தனையும் அந்த ஒரு குழாய் வழியாகத்தான் இறங்க வேண்டும். ஒரு பந்தும் பத்து இலையும் போதும், மீதி சுவருக்கு.

தொய்வைச் சரி செய்வது

பீலி காலியான பிறகு, ஒரு வாளித் தண்ணீரை மறுமுனையில் ஊற்றிப் பாருங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. பீலிக்கு வேண்டிய சரிவு மிகக் குறைவு, 3 மீட்டருக்கு 6 மி.மீ. இருந்தாலே ஓடும். உங்கள் 12 மீட்டருக்கு முனைக்கு முனை சுமார் இரண்டரை செ.மீ. தரையிலிருந்து பார்த்தால் நேராக இருப்பது போலத்தான் தெரியும். கண்ணை நம்பாமல், இரண்டு முனைக்கும் நூல் கட்டி, ரசமட்டம் வைத்துப் பாருங்கள். நூலைவிடக் கீழே போயிருக்கும் கிளாம்ப்தான் உங்கள் தலைவலி.

அதை நிமிர்த்திப் பழைய ஓட்டையிலேயே திருகினால் நிற்காது, ஓட்டை விரிந்திருக்கும். ஒரு விரல் தள்ளிப் புது ஓட்டை போட்டு, துருப்பிடிக்காத திருகு போடுங்கள். பின்னாலிருக்கும் பலகையைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று உள்ளே போனால் பலகை இற்றுவிட்டது, அதை மாற்றாமல் புதுக் கிளாம்ப் போடுவது வீண். கிளாம்ப்களுக்கு நடுவே ஒரு மீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக்கூடாது. 80 செ.மீ.க்கு ஒன்று இருந்தால் நிம்மதி. உங்கள் பீலியில் நடுவில் மட்டும் இடைவெளி அதிகமாக இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள், பொருத்தியவர் ஒன்றைக் குறைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

இணைப்பில் ஒழுகினால் வெளியே எம்-சீல் அப்புவது எல்லாரும் செய்வது. நிற்காது. பிளாஸ்டிக் பீலி வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். 4 மீட்டர் துண்டு 30 டிகிரி வித்தியாசத்துக்குக் கிட்டத்தட்ட 7 மி.மீ. அசையும். அந்த அசைவுக்காகத்தான் இணைப்பில் இடம் விட்டு ரப்பர் வைத்திருக்கிறார்கள். இறுகிப்போகும் எதை அப்பினாலும் அடுத்த கோடையில் வெடித்துவிடும். இணைப்பைக் கழற்றி, துடைத்து, ரப்பரை மாற்றுங்கள். தகரப் பீலி வைத்திருப்பவர்களுக்கு வேறு வழி: துருவைத் தேய்த்து, நன்றாகக் காயவிட்டு, உள்பக்கம் சீலன்ட் பூச வேண்டும். ஈரத்தின் மேல் பூசியது ஒரு மழையும் தாங்காது.

குழாய் தரையில் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். சுவரடியிலேயே கொட்டினால் மேலே செய்த வேலையெல்லாம் அஸ்திவாரத்துக்கு நீர் பாய்ச்சத்தான் பயன்படும். ஒன்றரை மீட்டராவது தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

வலை போடலாமா?

போடலாம், ஆனால் இந்தத் தொல்லையே இருக்காது என்பது விற்கிறவர்களின் பேச்சு. பெரிய இலை உதிர்க்கும் மரம் பக்கத்தில் இருந்தால் வலை நன்றாக உதவும். புளி, வேம்பு மாதிரிப் பொடி இலைகளும் பூந்தாதும் கூரைத் தூசியும் வலைக்குள் புகுந்து அடியில் வண்டலாகப் படியும். அப்போது முதலில் வலையைக் கழற்ற வேண்டும், ஏணிமேல் நின்றபடி. அதனால் வலை வாங்கினால் திருகு இல்லாமல் கீல் போட்டு மடக்கித் திறக்கிற வகையாகப் பாருங்கள். பீலிக்குள் திணிக்கும் ஸ்பான்ஞ் வகை வேண்டவே வேண்டாம். அதில் விதை விழுந்து முளைத்து, வேர் இறங்கி, கத்தியால் அறுத்து எடுத்திருக்கிறேன்.

உங்களுக்கு நான் சொல்வது அதைவிட எளிது: குழாயின் வாயில் நிற்கிற கூடை போன்ற கம்பி வடிகட்டி ஒன்று. இலை குழாய்க்குள் போகாது, மேலேயே நிற்கும். அதைக் கீழிருந்தே நீளக் கழியால் தட்டிவிடலாம். பீலிமேல் சாய்ந்திருக்கும் கிளையையும் வெட்டிவிட்டால் வேலை பாதியாகக் குறையும்.

எத்தனை முறை சுத்தம் செய்வது என்றால், வருடத்துக்கு இரண்டு: மழைக்காலம் தொடங்கும் முன் ஒன்று, இலையுதிர்ந்த பின் ஒன்று. நடுவில் தண்ணீர் தேங்குவதாகத் தெரிந்தால் தவணை பார்க்காதீர்கள். வெதுவெதுப்பான பருவத்தில், டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக வளர ஒரு வாரம் பத்து நாள் போதும். அதன் முட்டை காய்ந்த பீலிச் சுவரில் மாதக்கணக்கில் ஒட்டிக் கிடந்து, அடுத்த மழைக்குப் பொரிக்கும். அதனால் பள்ளத்தைச் சரிசெய்த பின் அந்த இடத்தை மட்டும் ஒரு பிரஷ் போட்டுத் தேய்த்துவிடுங்கள். சுவரில் இருக்கும் பாசியை இப்போது தொட வேண்டாம். இரண்டு மழை பார்த்துவிட்டு, அது தானாகக் காய்ந்து உதிர்ந்தால் வழிவது நின்றுவிட்டது என்று அர்த்தம். அப்போது சுரண்டி வெள்ளையடித்துக்கொள்ளலாம்.